கரும்பு கடித்த கீழ்ப்பல் செட்டு

2008, பொங்கலுக்கு மறுவாரம். காலை 9.40.

கே.கே. நகரில் கனகலட்சுமி போட்ட கூச்சலில், மாட்டுத்தாவணியில் புறப்படவிருந்த பஸ்களே ஒரு நிமிடம் நின்றிருக்கும். பீரோ திறந்து கிடந்தது. மாலையில் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து பவுன் சங்கிலியைக் காணோம். கட்டிலில் அவள் கணவர் நாகசுப்பிரமணியன் கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். மேல்பல் செட்டு வாயில் இருந்தது; கீழ்ப்பல் செட்டு கட்டிலுக்கடியில் கிடந்தது.

9.50. பக்கத்து வீட்டு ஜெயினம்பு வந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டம்மா. சர்வீஸில் இருந்த காலத்தில் அவர் முறைத்தால், திருடன் திருடாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வான்.

"எப்பண்ணே நடந்துச்சு?"

"ஒம்பதேகால். இவ கோயிலுக்குப் போயிருந்தா. எவனோ பின்னாலேருந்து வந்து பொடனியில ஒரே அடி."

"வாசல்ல இஸ்திரி வண்டி அழகுமலை நின்னாரே. ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"அடிச்ச அடியில கீழ்ப்பல்லு தெறிச்சிருச்சு, ஏட்டம்மா. வெறும் காத்துதான் வந்துச்சு."

இப்போதும் பாதி காற்றுதான் வந்தது. ஜெயினம்பு அவர் பிடரியைப் பார்த்தார். ஒரு சிவப்புகூட இல்லை.

கனகலட்சுமியின் விரல், வேலை செய்யும் சோணையம்மாளை நோக்கி நீண்டது. "பின்வாசல் சாவி இவகிட்டதான் இருக்கு. இவதான் எவனையோ விட்டிருக்கா. ஸ்டேஷனுக்குப் போன் போடுறேன்."

"அக்கா, பதினாலு வருசமா இந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன். ஒருதடவ ஸ்டேசன் வாசல மிதிச்சா, அப்புறம் எந்த வீட்டுல என்னைய உள்ள விடுவாக?" சோணையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து நிமிசம் பொறு கனகு," என்ற ஜெயினம்பு, கர்ச்சீப்பால் பல் செட்டை எடுத்துத் திருப்பினார். உள்பக்கம் நாலு குட்டிக் குழி. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் வளையம்.

அந்தத் தெருவில் நாகசுப்பிரமணியனின் பழைய கீழ்ப்பல் செட்டைத் தெரியாதவர் இல்லை. பத்து வருடமாகப் பறந்த செட்டு அது. ஒரு கல்யாணத்தில் தும்மினார். மூன்று இலை தாண்டி மாப்பிள்ளையின் பாயசத்தில் போய் விழுந்தது.

"இது புதுசுதான?"

அழுகைக்கு நடுவிலும் கனகலட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஆமா. கார்த்திகையில கீழ்த்தாடையில நாலு குட்டித் திருகாணி வச்சாங்க. அதுமேல வச்சு அமுக்குனா டக்குன்னு உக்காந்துக்கும். பொங்கலுக்கு முழுக் கரும்பையும் கடிச்சுத் தின்னாரே! டாக்டர் இவர் கூட்டாளி மகன். மொத ஆளுன்னு காசே வாங்கலையாம்."

காசு வாங்காத பல் டாக்டரா? ஜெயினம்புவின் புருவம் உயர்ந்தது.

10.10. வாசலுக்குப் போனவர் அழகுமலையிடமிருந்து மூக்குப்பொடி வாங்கிவந்தார்.

"அண்ணே, செட்டை மாட்டுங்க."

டக்.

"இதுல ஒரு சிட்டிகை இழுங்க."

"எதுக்கு?"

"இழுங்கன்னா இழுங்க!" என்றாள் மனைவி.

இழுத்தார். வந்த தும்மலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, காலண்டர் மாசி மாசத்துக்குப் புரண்டது. மேல்பல் செட்டு கிளம்பிப் பறந்து சோணையம்மாள் மடியில் விழுந்தது.

கீழ்ப்பல் செட்டு இம்மிகூட அசையவில்லை.

"பாத்தியா கனகு? பிடிமானம் இல்லாத மேல்செட்டு அடி வாங்கியும் வாயிலேயே இருந்துச்சாம். திருகாணி போட்ட கீழ்செட்டு தெறிச்சிருச்சாம்!" ஜெயினம்பு அவர் பக்கம் திரும்பினார். "பத்து வருசமா அது பறந்த ஞாபகத்துலயே பொய்யைக் கட்டிட்டீங்கண்ணே. இது ரெண்டு கட்டைவிரலையும் குடுத்து நெம்புனாத்தான் வரும். திருடன் உங்க வாய்க்குள்ள விரல விட்டுப் பதமா கழட்டி, கட்டிலுக்கடியில வச்சிட்டா போனான்? நீங்களே கழட்டிப் போட்டீங்க. சங்கிலி எங்க?"

"காளவாசல்ல ஒரு கடையில... அடகுல."

"எதுக்கு?"

நாகசுப்பிரமணியன் வாயைத் திறந்து கீழ்ப்பல்லைக் காட்டினார்.

கனகலட்சுமி தன் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் திட்ட ஆரம்பித்தாள். ஜெயினம்புவுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒன்றுவிடாமல் புரிந்தது. கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

"கழட்டுங்க."

இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து நெம்பினார். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சங்கிலி வர்ற வரைக்கும் இது என்கிட்ட அடகு. நிச்சயதார்த்த விருந்துல உங்களுக்குக் கரைச்ச ரசஞ்சோறுதான்."

பிறகு சோணையம்மாளிடம் கை நீட்டினாள். "அந்த மேல்செட்டைக் குடு."

சோணையம்மாள் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்ததை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"திருடின்னு சொன்னீகள்ல அக்கா. அதுக்கு மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்குற வரைக்கும் இதுவும் அடகுதான்."