மூன்றாவது மாடரேட்டர்

பிரேம்நாத்தின் விரலை அவனுடைய போனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்கும் போகாமல், கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் கட்டைவிரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான், ஊதிவிட்டு வைத்தான். கடைசியில் போனைப் பிரிசில்லாவிடம் நீட்டி, நீயே தொறந்து குடு என்றான். கட்டிய மனைவிக்கு அது ஒன்றும் புதிதில்லை. தோல் பதனிடும் டேனரியில் வருஷக்கணக்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவன் கையில் ரேகை எங்கிருந்து இருக்கும்? ரேஷன் கடை மெஷினில் அவன் விரல் விழாமல் அவள்தான் போய் வரிசையில் நிற்கிறாள். ஆனால் இதுவரை ரேகைதான் விழாமல் இருந்தது. இன்றைக்கு விரலே விழவில்லை. தட்டினாலும் தேய்த்தாலும், விறகுக்குச்சியை வைத்துத் தேய்ப்பது போல, திரை அசையாமல் கிடந்தது.

வீட்டில் நாற்றம் வேறு. ஆம்பூரில் நாற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள், பிரியாணி வாசனையும் தோல் வாசனையும் கலந்துதான் இங்கே காற்றே வீசுகிறது. ஆனாலும் இது வேறு தினுசு. கழிவுத் தண்ணீரும் அழுகின முட்டையும் கலந்த நெடிக்கு அடியில் ஏதோ ஒரு இனிப்பு, வாயைத் திறந்தால் நாக்கிலேயே வந்து உட்காரும் கேடுகெட்ட இனிப்பு. பிரிசில்லா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. டேனரிக்காரனைக் கட்டினால் பக்கத்தில் படுக்க முடியுமாடி என்று அவள் அக்காள்கள் மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரித்தார்கள். ஆற்காட்டில் இருந்த அப்பா அவளைத் தலைமுழுகினார். போங்கடி என்று தூக்கியெறிந்துவிட்டு வந்தவள் அவள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன்மேல் நாற்றம் என்று அவள் வாயாலேயே சொல்வதா?

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோதே கழுத்துவரை நனைந்திருந்தான். காதிலும் மூக்கிலும் கருப்புச் சேறு. வேலை இன்னும் முடியல, பேஜாரு என்று மட்டும் சொன்னான். அவள் தண்ணீர் காய வைத்து, சட்டையோடேயே அவனை உட்காரவைத்து ஒரு முழு சோப்பும் கரையத் தேய்த்துவிட்டாள். சேறு போயிற்று, நாற்றம் போகவில்லை. அன்றிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, சட்டையைக் கழற்றவிடவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பான், அது அப்படியே முழுசாகக் கடைவாயோரம் வழிந்து தட்டில் விழும். உட்கார்ந்த நாற்காலியில் எழுந்ததும் ஈரம். காய்ச்சல் என்று நினைத்தால், ஐயோ, உடம்பு குளிர்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் தினமும் கெஞ்சினாள். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் அவன் பார்த்தது 'பாலாறு அரட்டை'. வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் தோல், ஷூ கம்பெனி ஆட்கள் கூடி வம்பளக்கும் ஃபோரம் அது. வேலை காலியா, பஸ் ஸ்ட்ரைக்கா, அமிர்தி அருவிக்கு டூர் போகலாமா, எல்லாம் அதில்தான். வேண்டாத பதிவுகளை எடுத்துவிட அதற்கு மூன்று மாடரேட்டர்கள். மூன்றாவது ஆள் பிரேம்நாத் என்பது அவளுக்கும், அவனோடு வேலை செய்யும் காசிக்கும் மட்டும் தெரியும். எதையாவது எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒற்றைச் செருப்புப் படம் ஒன்றைப் போடுவது அவன் கோணங்கித்தனம். இன்னொரு செருப்பு எங்கே தலைவரே, மாடரேட்டர் நொண்டியா என்று ஆள் ஆளுக்குக் கலாய்ப்பார்கள். அவனும் வீட்டில் அதைப் படித்துக்காட்டி விழுந்து விழுந்து சிரிப்பான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. விரல் வேலை செய்யாததால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இத எடு, அத எடு என்றான். முதலில் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தாள், அவன் எடுக்கச் சொன்னதெல்லாம் ஒரே சேதி. ஏதோ ஒரு டேனரியில் கழிவுத் தொட்டிக்குள் ஆள் விழுந்துவிட்டானாம், முதலாளி மூடியைப் போட்டு மறைத்துவிட்டாராம், நிஜமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். எடுத்தாள். வேறொருவர் கேட்டார். எடுத்தாள். ஃபோரம் முழுக்கச் செருப்பாகக் கிடந்தது.

ஆட்கள் சும்மா இருப்பார்களா? மூணாவது மாடரேட்டருக்குத் தூக்கமும் கிடையாது, சோறும் கிடையாது, இன்னா மனுஷன்யா என்று ஒருவர் எழுதினார். மூச்சாவது வுடறாரா பாருங்கப்பா என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. மற்ற இரண்டு மாடரேட்டர்களும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவரே பதில் சொல்லட்டும் என்று நழுவிவிட்டார்கள். மெஹக் என்ற பெண் மட்டும் சிரிக்காமல் நேராகக் கேட்டிருந்தாள். தொட்டி என்று எழுதினால் மட்டும் ஏன் கை நீளுகிறது, நீங்கள் கம்பெனி ஆளா, செத்தவன் மனுஷன் இல்லையா என்று.

"உங்க டேனரியா பிரேம்?" என்று கேட்டாள் பிரிசில்லா.

அவன் தொண்டைக்குள் களக் களக் என்று, அடைத்த சாக்கடையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவன் காதோரத்தில் வெள்ளையாக ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. சோறு என்று நினைத்து அவள் விரலால் எடுத்தாள். அது அவள் விரல்நுனியில் சுருண்டு நிமிர்ந்தது.

பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.  வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பியும் அந்த இனிப்பு போகவில்லை. புருஷனைத் தொட்டதற்கு வாந்தியெடுக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த அவளுடைய போன் அடித்தது. வியாழக்கிழமையிலிருந்து கிடைக்காமலிருந்த காசி.

ஆலங்காயத்தில் அக்கா வீட்டில் ஒளிந்திருப்பதாகச் சொன்னான். அடுத்த வார்த்தை வருவதற்குள் அழுதுவிட்டான்.

"அண்ணி, அண்ணன் தொட்டில எறங்குச்சு அண்ணி. மோட்டார் அடைச்சிக்கிச்சுன்னு எறக்கினாங்க. கயிற நான்தான் புடிச்சிருந்தேன். உள்ள போனவரு மேல வர்ல."

"என்னடா உளர்ற? அவரு இங்க கூடத்துல உக்காந்திருக்காரு."

காசி அதைக் காதில் வாங்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டார்கள், வாயைத் திறந்தால் நீயும் உள்ளேதான் என்று மிரட்டித் துரத்திவிட்டார்கள், ஃபோரத்தில் பேர் இல்லாமல் எத்தனையோ தடவை எழுதினேன், எவனோ பாவி அண்ணன் செருப்பையே போட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறான் என்று புலம்பினான். மூடி போடுமுன் எடுத்த வீடியோ ஒன்று என் போனில் இருக்கிறது, பேரோடு இப்போது போடப்போகிறேன் என்றான். "சனம் பாத்தாதான் தொட்டியத் தொறப்பாங்க. அண்ணன வெளிய எடுத்து, கல்லறையில கௌரவமா வைக்கலாம் அண்ணி. இன்னும் உள்ளயேதான் கெடக்குறாரு."

பிரிசில்லா போனை இறக்கினாள். பின்கட்டு வாசல் வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியே அவன் மடியில் விழுந்திருந்தது. ஈக்கள் அவன் கண்ணோரத்தில் உட்கார்ந்திருந்தன. அவன் இமைக்கவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

அவன் போனை அவள் பக்கமாக நீட்டினான். அவள் போனாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீடியோ வந்திருந்தது. ஒரு கயிறு. கருப்புத் தண்ணீர். கட்டம்போட்ட சட்டை முதுகு ஒன்று அதில் மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. அதே சட்டை அவள் தோளில் உரசி ஈரமாக ஒட்டியது. கீழே பேர்: பிரேம்நாத், ஆம்பூர். அதற்குள் மெஹக் எழுதிவிட்டாள், ஐயோ, இவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று.

"எடுத்துடு" என்றான் அவன்.

"எடுத்தா?"

"நான் இங்க இருப்பேன்."

"எடுக்கலன்னா?"

"அங்கேர்ந்து என்னைய எடுத்துடுவாங்க."

அவளுக்குப் புரிந்தது. எல்லாமே புரிந்தது. அந்தச் சேற்றுக்குள் கிடக்கிற உடம்பு புரிந்தது. காசியின் அழுகை புரிந்தது. நாலு பேர் தூக்கிப் போய், ஜெபம் பண்ணி, மண் போட்டு மூடவேண்டிய மனுஷன். அவனை விடவேண்டும். விட்டால் இந்தக் கூடம், இந்தப் பாய், அவள். வேறு ஒருவரும் இல்லை.  தொண்டைவரை வந்ததை விழுங்கினாள்.

அழுத்தினாள்.

வீடியோ போய்விட்டது. அந்த இடத்தில் செருப்பு.

காசியின் அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. தன் போனை அணைத்தாள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழ்போட்டாள். கூடம் இருண்டது. ஈக்களின் சத்தம் மட்டும்.

பின்னால் சொத சொதவென்று காலடி. அவன் வந்து நின்றான். அவள் திரும்பினாள். கல்யாணமான புதிதில் வேலையிலிருந்து வந்ததும் செய்வானே, அதேபோல அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினான். குளிர்ச்சி. வழவழப்பு. குனிந்தான். நெற்றியில் முத்தம் வைத்தான். வெகுநேரம் வைத்தான்.

அப்புறம் நிமிர்ந்தான்.

அவன் உதடுகள் அவள் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. எதிரே, பற்கள் மட்டுமாக, பிரேம்நாத் சிரித்துக்கொண்டு நின்றான்.