பனச்சமூட்டுக்குப் போகாத அழைப்பு

பாலராமபுரத்தில் ஷைலஜாவின் வாசலில் வந்து நின்றபோது லிஜி அழவில்லை. அழுகை வந்தால்தானே! பனச்சமூட்டில் எதிர்வீட்டு சத்தியபாய் மாமி, ஆம்புலன்ஸ் செயலியை அமுக்கிவிட்டுக் காத்திருந்தே இறந்து நான்கு நாளாகிவிட்டது. ஓட்டுநருக்கு அழைப்பே போகவில்லை. அந்தச் செயலியை எழுதும் நெய்யாற்றின்கரை அலுவலகத்தில்தான் லிஜிக்கு வேலை.

"சோதனை எல்லாம் பாஸ், பொறவு நீதான் நிரல்ல கைவச்சேன்னு எங்க மேலாளர் ராபின்சன் சார் சொல்லுதாரு சேச்சி. நாளைக்கு போலீசுல எழுதிக் குடுப்பாராம். என் வீட்டுல அமுக்கினா அழைப்பு போவுது. மாமி ஃபோன்ல செயலியை நான்தான் போட்டுக் குடுத்தேன்."

பைதான் நிரல்களில் பிழை பிடிப்பது ஷைலஜாவின் தொழில். அவளுடன் வேலை பார்க்கும் ஜெனில் லிஜியின் மடிக்கணினியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். சோதனையின்போது நிஜ ஓட்டுநரை அழைக்க முடியுமா? அவருக்குப் பதில் ஒரு டம்மி நிற்கும். தன்னை எத்தனை தடவை, எந்த முகவரிக்காக அழைத்தார்கள் என்று அது குறித்துவைக்கும்.

"பனச்சமூட்டுச் சோதனையில ஒரு தடவை. ஒண்ணுதானே வேணும்? சரியாக்கும்!" என்றான் ஜெனில்.

"முகவரி என்ன மக்கா?"

"பாறசாலை..." அவன் விழித்தான்.

"பனச்சமூட்டுச் சோதனையை மட்டும் தனியா ஓட்டு."

இப்போது பூஜ்யம் வந்தது.

மதியமே மூவரும் ராபின்சன் முன் உட்கார்ந்தார்கள். ஷைலஜா நிதானமாகச் சொன்னாள்: "பாறசாலைச் சோதனை முதல்ல ஓடுது, டம்மி ஒண்ணுன்னு எழுதுது. அதை அழிக்காம அதே டம்மியை அடுத்த சோதனைக்கும் குடுத்திருக்கு. பழைய ஒண்ணைப் பார்த்து பாஸ் போட்டுது. பனச்சமூட்டுக்கு யாரும் கூப்பிடவே இல்ல."

"ஏன்?" என்றார் ராபின்சன்.

"லிஜி வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளம். மாமி வீடு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு பின்கோடு. கேரள பின்கோடு இல்லேன்னா அழைக்கண்டாம்னு ஒரு வரி உண்டு. ஒரு வருஷமா யாரும் அதைத் தொடல. எழுதினது நீங்களாக்கும் சார்."

ராபின்சன் நெற்றியைத் துடைத்தார். "தொடக்கத்துல கேரளத்துல மட்டுந்தானே ஓடிச்சு... எடுத்துப்போட மறந்துட்டேன். லிஜி, நாளைக்கு வேலைக்கு வா மோளே."

லிஜிக்கு நிம்மதியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போயிருந்தாள்.

"சேச்சி, மாமி அண்ணைக்கு எத்தனை தடவை அமுக்கினாவ?"

ஷைலஜா செயலியின் பதிவைத் திறந்து பார்த்தாள்.

"பதினாலு."

"பதினாலு" என்று லிஜி திருப்பிச் சொன்னாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது.