743-ஆம் சேனல்

சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது. வீட்டிலோ கல்யாணக் கூட்டம்.

கல்யாணம் டிவியில்தான். எட்டு மாதமாக ஜவ்வு மாதிரி இழுத்த சீரியல் கல்யாணம் இன்றைக்கு நடக்கப்போகிறதாம். பெருநகர் கிராமத்தில் அவர்கள் தெரு வழக்கமே தனி. சீரியலில் கல்யாணம் என்றால் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் கையில் மஞ்சள் அரிசிகூட இருந்தது.

“அத்தை, உங்க வூட்டு டிவி இன்னா ஆச்சு?”

“ரிப்பேராயி கெடக்குது. ஏன், நான் வரக்கூடாதா?”

அவள் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். சுகிர்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

போன வாரம் ரிமோட்டில் நம்பரைத் தப்பாக அழுத்தி, அவள் ஒரு சேனலைக் கண்டுபிடித்திருந்தாள். 743. மாட்டுத் தீவனத்துக்கும் முடி வளரும் எண்ணெய்க்கும் மட்டுமே அதில் விளம்பரம் வரும். ஆல்வின் என்று ஒருவர் பேர் தெரியாத ஊருக்கெல்லாம் போய், அங்கே கிடைப்பதைச் சாப்பிட்டுக் காட்டுவார். வகுப்பில் ஒருவருக்கும் அந்த நிகழ்ச்சி தெரியாது. ஒரு தடவைதான் போடுவார்கள். விட்டால் போச்சு.

இன்றைக்கு ஏழு மணிக்கு நாக்பூர் நெடுஞ்சாலையைக் காட்டுகிறார்கள். லாரி டிரைவர்கள் சாப்பிடும் இடம். சுகிர்தாவின் நைனா பீட்டர் லாரி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இருபது நாள் ஆகிறது. அந்த இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு.

“அம்மா, நீயாவது சொல்லேன்.”

“வந்தவங்கள எப்படிடி எழுப்பறது?” என்றாள் அம்மா திலகா.

சுகிர்தாவுக்கு அழுகையாக வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது? விளம்பரம் வந்தால் ஐந்து நிமிஷம் ஓடும் என்பது ஞாபகம் வந்தது.

“அத்தை, விளம்பரம் போடறப்ப மட்டும் மாத்திக்கிறேன். நைனா போயிருக்கற ஊரக் காட்டறாங்க. தாலி கட்றதுக்குள்ள திருப்பிடறேன்.”

சிட்டம்மாள் யோசித்தாள். “சரி. ஆனா ஒரு நொடி தவறுச்சு, அப்பறம் பாரு.”

மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். விளம்பரம் வந்தது. சுகிர்தா பாய்ந்து 743-ஐ அழுத்தினாள்.

வெயிலில் வரிசையாக லாரிகள். ஒரு லாரியின் நிழலில் சேலத்து டிரைவர் ஒருவர், காய்ந்த ரொட்டியை வெங்காயத்தோடு கடித்துக்கொண்டிருந்தார்.

“சோறு கெடைக்காதாண்ணே?” என்று கேட்டார் ஆல்வின்.

“அரிசி இருக்கு, ஸ்டவ் இருக்கு. கொழம்பு வெக்க நேரமேது? நாங்க எல்லாரும் இப்படித்தான். வீட்ல கேட்டா மட்டும் நல்லா சாப்பிட்டேன்னு சொல்லுவோம்.”

அடுப்படியிலிருந்த திலகா வெளியே வந்து நின்றாள்.

ஐந்து நிமிஷம் ஆனது. சொன்னபடி சுகிர்தா ரிமோட்டை எடுத்தாள்.

“இரு, அந்தாளு இன்னா சொல்றான்னு கேப்போம்,” என்றாள் சிட்டம்மாள். “தாலி எங்க ஓடிடப் போவுது?”

மறுநாளும் தாலி கட்டவில்லை என்பது வேறு விஷயம்.

எட்டு மணிக்கு நைனா போன் செய்தார்.

“சாப்ட்டியா நைனா?”

“வயிறு முட்ட சாப்ட்டேன் கண்ணு. சோறு, சாம்பாரு, அப்பளம்.”

“பொய் சொல்லாத. ரொட்டியும் வெங்காயமும்தான?”

“யாரு சொன்னது?”

“டிவில பாத்துட்டேன். உன் லாரில ஸ்டவ் கீதா?”

“கீது.”

“அரிசி?”

“அதுவும் கீது. எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்,” என்று சொல்லி சுகிர்தா போனை வைத்தாள். நைனாவோடு வேலை செய்யும் திருப்புலிவனத்து ஸ்ரீகாந்த் அண்ணன் சனிக்கிழமை நைனா இருக்கும் ஊருக்கு லாரி எடுக்கிறார். அது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா பருப்புப் பொடி அரைத்தாள். சிட்டம்மாள் புளிக்காய்ச்சல் கிளறினாள். “உப்பு பத்தல,” என்று இருவருக்கும் ஒரே சண்டை. சுகிர்தா இரண்டு டப்பாவையும் துணியில் இறுக்கிக் கட்டி, ஸ்ரீகாந்த் அண்ணன் கையில் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து போன் வந்தது.

“சாப்ட்டியா நைனா?”

நைனா என்னவோ சொன்னார். ஒன்றுமே புரியவில்லை.

“இன்னா நைனா? சரியா பேசு.”

“இரு கண்ணு,” என்றார் நைனா. “வாய் நெறைய சோறு கீது.”