ஒன்றாம் நம்பர் திறப்பு

திறப்பில் இருக்கிற பூட்டுகிற பொத்தானை அமத்தினால் கார் ஒருதரம் விளக்கைச் சிமிட்டி, நாலு கதவையும் ஒன்றாக இறுக்கிக்கொண்டு அடங்கிவிடும். வாங்கிய நாள் தொட்டு அப்படித்தான். அந்த வியாழக்கிழமை பின்னேரம் சரோஜினிதேவி அமத்தியபோதும் கதவுகள் பூட்டுப்பட்டன. ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, மூன்றுதரம் மெல்லக் கீச்சிட்டுவிட்டு, தாமாகவே திறந்துகொண்டன.

அவள் திரும்ப அமத்தினாள். திரும்பவும் அதே மூன்று கீச்சு.

பற்றரி போய்விட்டதாக்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை காலி வீதியில் மணிக்கூடு திருத்துகிற கடையில் பொத்தான் அளவு பற்றரி ஒன்று வாங்கிவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் கறுத்தத் திறப்பின் முதுகைக் கொண்டையூசியால் நெம்பித் திறந்து மாற்றினாள். பலனில்லை. சனிக்கிழமை லிப்ட் வாசலில் நின்று அமத்திப் பார்த்தாள்; காரைச் சுற்றி நடந்து நடந்து அமத்தினாள்; திறப்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து அமத்தினாள். பூட்டுப்பட்டது, கீச்சிட்டது, திறந்தது. பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி.

வெள்ளவத்தையில் கடற்கரை ரெயில் பாதையை ஒட்டின சின்ன ஒழுங்கையில்தான் அவள் வீடு. ஐந்து மாடிக் கட்டடம், அடியில் நிலத்துக்குக் கீழே கார்கள் நிற்கிற இடம். ஜெர்மன்காரன் செய்த அந்தச் சாம்பல் நிறக் காரை அவளுடைய கணவர் பாலசுந்தரம் ஆசை ஆசையாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே துடைப்பார். ஒன்பது மாதத்துக்கு முந்தி ஒரு ஞாயிறு காலையில், பேப்பர் வாங்கிவரச் சந்திக்கு நடந்து போனார். காரின் மற்றத் திறப்பும் வீட்டுத் திறப்பும் கோத்த வளையம் அவருடைய காற்சட்டைப் பைக்குள் இருந்தது. திரும்பி வரவில்லை. சந்தியில் ஒரு வெள்ளை வான் நின்று அவரை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். பிறகு அப்படிச் சொன்னவர்களும் தாங்கள் ஒன்றும் காணவில்லை என்றார்கள்.

பொலிசில் முறைப்பாட்டு நம்பர் ஒன்று கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆட்கள் வருவது குறைந்து, பிறகு நின்றும் போனது. காணாமல் போனவனின் வீட்டுப் படியேறினால் தங்கள் பெயரும் எங்கேயாவது எழுதப்பட்டுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அவள் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. பிழையான நம்பருக்கு எடுத்தவர்களோடுகூட இரண்டு வார்த்தை கூடுதலாகக் கதைத்துவிட்டுத்தான் டெலிபோனை வைத்தாள். ரொறொன்ரோவில் இருக்கிற மகன் கிழமைக்கு ஒருதரம் எடுத்து, “வாங்கோ அம்மா, வாங்கோ” என்று அழுவான். கடைசியில் ஓமென்று சொல்லிவிட்டாள். புதன்கிழமை பிளேன். திங்கள் காலை காரை எடுத்துப்போக ஆள் வரும்.

ஆனால் பூட்டாத காரை இன்னொரு இரவும் விட்டுவைக்கப் பயமாக இருந்தது. ஆமிக்காரர் கட்டடத்தைச் சோதிக்க வரும்போது, தமிழரின் கார் ஒன்று திறந்தபடி நின்றால் அதில் குண்டு தேடுவார்கள். குண்டு கிடைக்காவிட்டால் ஆளைத் தேடுவார்கள். அதனால்தான் ஞாயிறு பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து பேதுருவை வரச் சொன்னாள். ஜம்பட்டா வீதியில் கார்களின் மின்சார வேலை மட்டும் செய்கிறவன், நாற்பது வயதிருக்கும், பாலசுந்தரம் வேறு யாரையும் அந்தக் காரில் கைவைக்க விட்டதில்லை.

அவன் வந்தபோது மழை பிடித்திருந்தது. கீழ்த்தளத்தில் ஈரச் சீமெந்தும் பழைய எண்ணெயும் கலந்து மணத்தது. கூரையில் ஓடிய குழாய்களில் மேல்வீட்டுத் தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போவதும், தூரத்தில் கடல் தண்டவாளக் கல்லில் மோதி மோதி ஓய்வதும், அந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு ரியூப்லைட் விடாமல் முணுமுணுப்பதும் கேட்டுக்கொண்டிருந்தன. பேதுரு திறப்பை வாங்கித் தான் கொண்டுவந்த சோதிக்கிற கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு கருவியின் நீளமான வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான்.

“மிசிஸ், திறப்பில ஒரு பிழையும் இல்ல. பற்றரியும் நல்லம்.”

“அப்ப ஏன் தம்பி பூட்டுதில்லை?”

“உள்ளுக்க இன்னொரு திறப்புக் கிடந்தா இந்தக் கார் பூட்டாது. மறந்துபோய் உள்ளுக்க வச்சுப் பூட்டிடக்கூடாதெண்டு அப்பிடிச் செஞ்சிருக்கிறான்.”

“மற்றத் திறப்பு இஞ்சை இல்லை,” என்றாள். “அது அவரோட போயிட்டுது.”

பேதுரு நிமிரவில்லை. கருவியின் சின்னத் திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தான். “உங்கட கையில இருக்கிறது ரெண்டாம் நம்பர். இது ஒண்டாம் நம்பர்த் திறப்பு. பின் சீற்றில இருக்கெண்டு காட்டுது.”

இரண்டு பேருமாகப் பின் இருக்கையைக் கிளப்பினார்கள். ஒரு பழைய ரெயில் ரிக்கற், கடலைத் தோல், மணல். வேறொன்றும் இல்லை. பேதுரு திரையைப் பார்த்தான்.

“இப்ப டிக்கியெண்டு காட்டுது.”

டிக்கியைத் திறந்தார்கள். மேலதிக ரயர்ச் சில்லைத் தூக்கி, அதற்குக் கீழே விரித்திருந்த துணியையும் உரித்துப் பார்த்தார்கள். சரோஜினிதேவி முழங்காலில் நின்று, மூலைகளுக்குள் விரல்களை விட்டுத் துழாவினாள். வெறும் இரும்பு. அது குளிர்ந்து போயிருந்தது.

“இப்ப?” என்று கேட்டாள்.

அவன் கருவியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். “முன்னுக்கு. ஓட்டுறவரின்ட சீற்.”

டிக்கியின் மூடி திறந்து நின்றதால் இருவருக்கும் முன் இருக்கை தெரியவில்லை. மூடியைச் சாத்த இருவரும் அவசரப்படவும் இல்லை.

“மெசின் பிழையோ தம்பி?”

“நேத்து மருதானையில ரெண்டு வாகனத்துக்குப் பாவிச்சன்.” அவன் துணியால் கைகளைத் துடைத்தான், துடைத்த கைகளையே திரும்பத் துடைத்தான். “மிசிஸ், ஒரு வேலை செய்யலாம். ஒண்டாம் நம்பரைக் காரின்ட ஞாபகத்திலருந்து அழிச்சு விடுறன். ரெண்டு நிமிசம். பிறகு பூட்டும்.”

“அழிச்சா, அந்தத் திறப்பால பிறகு திறக்கேலாதோ?”

“ஏலாது. இந்தக் காருக்கு அது ஆரெண்டே தெரியாது.”

அவள் கண்ணுக்குள் அது வந்து நின்றது. மெலிந்து, தாடி வளர்ந்து, எங்கேயோ ஒரு வாசலால் வெளியே தள்ளப்பட்டு, நடந்தே வந்து சேருகிற ஒரு மனிசன். கையில் மிஞ்சியிருக்கிற ஒரே பொருளை நீட்டுகிறான். கார் அசையவில்லை.

“வேண்டாம்.”

“நாளைக்கு விக்கப் போறீங்கதானே மிசிஸ்?”

“அது நாளைக்கு. இண்டைக்கு வேண்டாம்.”

பேதுரு வயரைச் சுருட்டினான். இருட்டுக்கு முந்திக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடவேண்டும் என்றான். செக்பொயின்றில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்பார்கள். கார்கள் வெளியே போகிற சரிவில் ஏறி மழைக்குள் தலையை நீட்டியவன், என்ன நினைத்தானோ, திரும்பிப் பாதி வழி இறங்கி வந்தான்.

“நீங்களும் மேல போங்க மிசிஸ். இதுக்குள்ள ஏறி இருக்காதீங்க.”

“ஓம் தம்பி.”

அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது. பிறகு மழை. குழாய்த் தண்ணீர். முணுமுணுக்கிற ரியூப்லைட்.

அவள் மேலே போகவில்லை. ஐந்தாம் மாடியில் இரண்டு பெட்டிகளும் சுவரிலிருந்து கழற்றின படங்களும் மட்டுந்தான் அவளுக்காகக் காத்திருந்தன. பயம் இருந்தது. ஆனால் ஒன்பது மாதமாக அவள் இருக்கும் இடத்துக்கு எதுவுமே வந்து நின்றதில்லை. ஓட்டுகிறவரின் கதவைத் திறந்தாள்.

அவளுடைய திறப்போடு அந்தக் கதவைத் திறந்தால் இருக்கை தானாக முன்னுக்கு நகர்ந்து, கொஞ்சம் உயரும். அவள் உயரம் கட்டை. ஆளையாள் அறிந்து நகர்கிற அந்த இருக்கையைப் பற்றிப் பாலசுந்தரம் எல்லோருக்கும் பெருமையாகப் புளுகித் திரிந்தவர். இப்போது அது பின்னுக்குப் போனது. மெல்லிய மோட்டார் முனகலோடு, நிதானமாக, நீண்ட கால்களுக்கு இடம் விட்டுப் பின்னுக்குப் போய் நின்றது. வெளியே பின்பக்கம் பார்க்கிற கண்ணாடிகள் இரண்டும் நிமிர்ந்தன.

அவருடைய அளவு.

சரோஜினிதேவி கதவை மெதுவாகச் சாத்தினாள். காரைச் சுற்றி வந்தாள். கால்கள் தாமாகவே பழகின பக்கத்துக்கு நடந்தன. இடப்பக்கம் ஏறி இருந்து, சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள். திரும்பச் சொன்னாள். “இஞ்சருங்கோ. வந்திட்டியளோ?”

பக்கத்து இருக்கையின் தோல் கரகரத்தது. ஒரு ஆள் பாரத்தை விடும்போது கேட்கிற சத்தம். முன் தட்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுகிறவர் பெல்ற் போடவில்லை என்கிற விளக்கு.

அவள் அழத் தொடங்கினாள். கையை நீட்டி அந்த இருக்கையில் வைத்தாள். குளிர். உள்ளங்கைக்குக் கீழே தோல் ஈரமாக இருந்தது. மணமும் அப்போதுதான் வந்தது. அது அவருடைய பவுடர் மணமுமல்ல, வேர்வை மணமுமல்ல. கனகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருகிற மணம்.

நாலு கதவும் ஒன்றாக இறுகின.

மூன்று கீச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கார் இந்தமுறை பூட்டிக்கொண்டது.

பக்கத்து இருக்கை திரும்ப முனகியது. முன்னுக்கு நகர்ந்தது. அவளுடைய அளவையும் தாண்டி, ஸ்டியரிங்கை முட்டுகிற அளவுக்கு, ஒரு சிறுபெண்ணின் கால் எட்டுகிற அளவுக்கு. நின்றது. பிறகு பின்னுக்கு. முழுக்கப் பின்னுக்கு. சாய்ந்தது. நிமிர்ந்தது. வேறொரு அளவு. இன்னொரு அளவு. அந்த ஒன்றாம் நம்பர் திறப்பு எத்தனை பேரின் கை மாறி வந்ததோ.

“நீங்கள் இல்லை,” என்றாள்.

பின்னால் தோல் கரகரத்தது. ஒருதரம். இன்னொருதரம். இடம் விட்டு நெருக்கி இருப்பதுபோல மூன்றாம்தரம். டிக்கியின் அடியில் ஏதோ பாரமாக இறங்க, கார் மெல்லப் பின்பக்கம் தாழ்ந்தது.

திறப்பை அமத்தினாள். அமத்தினாள். கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

ஓட்டுகிறவர் பக்கக் கதவின் கண்ணாடி உள்ளிருந்து வெளிறியது. மூச்சுப் பட்ட வட்டம். பெருத்தது. பின் இடது கண்ணாடி. பின் வலது. முன் கண்ணாடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, உயரம் உயரமாக, பல வட்டங்கள். வெளியே ரியூப்லைட் வெறும் வெள்ளைக் கறையாக மங்கியது. தூண்கள் போயின. சரிவு போனது. லிப்ட் வாசல் போனது.

அவள் பக்கக் கதவின் கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. அதனோடு முகத்தை ஒட்டுகிறமாதிரிச் சரிந்தாள். ஒரு சாண் இடைவெளி. அதற்குமேல் நெருங்க முடியவில்லை, ஏதோ தடுத்தது. குளிராக. மெதுவாக.

மூச்சைப் பிடித்தாள். வாயைக் கையால் இறுக்கிப் பொத்தினாள்.

அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், அந்த ஒரு சாணுக்குள் இருந்த எதுவோ மூச்சுவிட, கண்ணாடி மெல்ல வெள்ளையாகத் தொடங்கியது.