நாலு வேலை பார்த்தவர்

கரிசல் காட்டில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. திருச்சுழியைத் தாண்டி ரோடு பிரியும் விலக்கில், பஸ் நிழற்குடைக்குள் ரேணுகாதேவி ஓடி நுழைவதற்குள் சேலை முக்கால்வாசி நனைந்துவிட்டது. உள்ளேயும் தப்ப வழியில்லை... வாடைக்காற்று சாரலை அள்ளி நேரே முகத்தில் எறிந்தது.

சுவரில் ஒரு கல்வெட்டு. கட்டியவர் ஊராட்சித் தலைவர், முன்னாள் ராணுவ வீரர் காளீஸ்வரன் என்றது. காலையிலிருந்து நாலு ஊர் சுற்றித் தடுப்பூசி போட்டுவிட்டு வரும் கிராமத்து நர்ஸுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பக்கத்தில் நின்றவரிடம் கொட்டிவிட்டாள்.

“பட்டாளத்துல இருந்தவுகளுக்கு வாடை எந்தப் பக்கம் அடிக்கும்னு கூடவா தெரியாது? காத்துக்கு நேரா வாயைத் தொறந்து கட்டி வச்சிருக்காக.”

அவர் குடையை விரித்துச் சாரலுக்கு எதிரே தட்டிபோலப் பிடித்துக்கொண்டார். அவள் மேல் தூறல் நின்றது. அவர் தோள் நனைந்தது.

“தெரியும்ங்க. ஆனா ரோடு இந்தப் பக்கம்ல இருக்கு,” என்றவர் கொஞ்சம் தயங்கி, “கட்டுனது நான்தான்,” என்றார்.

ரேணுகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்களில் கோபம் இல்லை... அடக்கிவைத்த சிரிப்பும், அதற்கடியில் என்னவென்று சொல்ல முடியாத ஒரு சோர்வும் இருந்தன. முப்பத்தெட்டு வயதில் நெஞ்சு இப்படிப் படபடக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஐப்பசி முழுக்க அதே விலக்கில் அதே பஸ்ஸுக்கு இருவரும் நின்றார்கள். பஸ்ஸில் ஏறினால் அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். பேச்செல்லாம் நிழற்குடையோடு சரி. பனிமலையில் பன்னிரண்டு வருடம் காவல் நின்றதைச் சொன்னார். தலைவராக இருந்தபோது கண்மாய் மடையைச் சரிபண்ணியதைச் சொன்னார். சீமைக்கருவேலக் கரியை லோடு லோடாகப் பந்தல்குடி வழியே தூத்துக்குடிக்கு அனுப்பியதைச் சொன்னார். இப்போது அருப்புக்கோட்டையில், பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போக நினைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். மனைவி தவறி ஒன்பது வருடம் ஆகிறது என்பதை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒவ்வொன்றையும் ஏன் விட்டீர்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். “போதும்னு தோணுச்சு... விட்டுட்டேன்.”

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனும் ‘போதும்’ என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். திரும்பி வந்தது விவாகரத்து நோட்டீஸ் மட்டுமே. இன்னொரு தடவை வாசலில் அப்படி நிற்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கார்த்திகை பிறந்ததும் காளீஸ்வரன் முறைப்படி அவள் ஊரான பாலவனத்தத்துக்கே வந்து, அவள் அண்ணன் வெள்ளத்துரையிடம் பெண் கேட்டார். அண்ணன் மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு நாலு இடத்தில் விசாரித்தார்.

“ஆளு ஒழுக்கந்தான், குறை சொல்ல முடியாது. ஆனா நாலு வேலை பாத்ததுல மூணை விட்டுட்டாரு. நாலாவது எத்தனை நாளைக்கோ... உன்னை மட்டும் கடைசி வரைக்கும் வச்சிருப்பாருன்னு என்ன நிச்சயம், தாயி?”

மறுநாள் நிழற்குடையில் ரேணுகா அதை அவரிடமே சொன்னாள். “என்னை ஒருத்தர் விட்டுட்டுப் போயிட்டாரு. நீங்க விட்டுப் பழகினவுக. எனக்குப் பயமா இருக்கு.” அவர் முகம் இறுகிப் போனது. பஸ் வந்தது. அவள் ஏறினாள், அவர் ஏறவில்லை.

இரண்டு வாரம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. விட்டுவிட்டார், இதையும் விட்டுவிட்டார்... என்று அவள் மனம் ஓயாமல் சொன்னது. தானே பயமென்று சொல்லித் தள்ளிவிட்டு இப்போது எதற்கு அழுகை? அழுகை கேட்டுக்கொண்டா வருகிறது.

ஒரு புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். வாசலில் காளீஸ்வரன். கையில் பழுப்பேறிய காகிதம் ஒன்றை நீட்டினார். நர்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியும். முட்டி ஜவ்வு கிழிந்தது, பணிக்குத் தகுதியில்லை என்று ராணுவ டாக்டர்கள் எழுதி வீட்டுக்கு அனுப்பிய காகிதம்.

“பட்டாளத்தை நான் விடல, ரேணுகா. அனுப்பிட்டாக. ரெண்டாவது எலெக்சன்ல என் பங்காளிகளே, உனக்கு ஓட்டு இல்லைன்னு முகத்துக்கு நேராச் சொன்னாக. அப்புறந்தான் மனுவை வாபஸ் வாங்கினேன். கரி வியாபாரத்துல கூட்டாளி வெளிய தள்ளிட்டான். தோத்தவன்னு பேர் வாங்குறதுக்கு, விட்டவன்னு பேர் வாங்குறது கௌரவமாத் தெரிஞ்சுச்சு. ஊர் பூராவும் அப்படியே சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்தக் கௌரவத்துக்கு உங்களையும் பறிகொடுக்கப் பாத்தேன்... நானா விட்டது இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்லை. உங்களை விடுறது என்னால ஆகாது.”

அவள் காகிதத்தை மறுபடி படித்தாள். எழுத்து கலங்கிற்று. இத்தனை நாளும் இந்த மனுஷர் முட்டி வலியை மறைத்து விறைப்பாக நடந்திருக்கிறாரே என்று நினைத்தபோது, பயம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

“அண்ணன்கிட்ட இதையே சொல்லுவீகளா?”

அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“சொல்றேன். இன்னைக்கே வாரேன்.”

அவள் கதவைப் பூட்டினாள். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டதும் அவர் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக எட்டு வைத்தார். ரேணுகா அவர் கையைப் பிடித்தாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளாகவே பிடித்தாள்.

“பஸ்ஸு போனாப் போகட்டும். காலை நொண்டிக்கிட்டே மெதுவா வாங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்.”