கத்திக்கு அடியில் கை

எலக்ட்ரீஷியன் அந்த அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். மேஸ்திரி வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே எல்லா மெஷினும் ஓய்ந்திருக்க, ஒன்று மட்டும் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. பசை வாடையும் புதுக் காகித வாடையும் வாசல் வரை வந்தன.

"உள்ளதான் நிக்குது உங்க தம்பி பொண்டாட்டி. ஆளுங்க சாப்பிடப் போனதும் கட்டிங் மெஷினைப் போட்டு விட்டுட்டு, ரெண்டு கையையும் கத்திக்கு அடியில வெச்சுக்குது. இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து தினமும் இதே கதைதான் அண்ணே."

"நீங்க போய் இழுத்து விடலையா?"

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கத்திதான் தம்பியின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே இறக்கில் எடுத்தது. வண்டி வருவதற்குள் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் தரையில் கிடந்தது. மெஷினில் பேய் இருக்கிறது என்றார் முதலாளி. ஆள் வைத்து மந்திரம் சொல்லி, புகையும் போட்டார். பேய் இருந்தால் யாரும் அவரை விசாரிக்க மாட்டார்கள் அல்லவா?

எலக்ட்ரீஷியன் எந்தச் சாமிக்கும் கை கூப்பாதவர். கரண்ட்டுக்குப் பயந்தால் போதும், மற்றதெல்லாம் மீதி நேரத்து வேலை என்பார். தம்பி செத்த அன்றே அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கைப்பிடியையும் சேர்த்து இழுத்தால்தான் கத்தி இறங்கும். அப்போது கை இரண்டும் வெளியே இருக்கும். ஆனால் வேலை ஓடட்டும் என்று ஒன்றைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். பிறகு இன்னொன்றில் முழங்கை இடித்தாலே போதும், கத்தி இறங்கிவிடும்.

அந்தக் கயிற்றைக் கட்டியது தம்பிதான்.

அவர் உள்ளே போனபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கைகள் முழங்கை வரை உள்ளே இருந்தன. மேலே கத்தியின் விளிம்பு பளபளத்தது. கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"கையை எடும்மா."

"இறங்காது மாமா. என்னை அவர் வெட்ட மாட்டாரு. முப்பது நாளா வெக்கிறேன்."

"முப்பது நாள் இறங்கலங்கிறது சாட்சியே இல்ல. ஒரு நாள் இறங்கினா போதும்."

அவர் மெயினை அணைத்தார். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கயிற்றை அறுத்தார். பக்கத்தில் இருந்த பெரிய சக்கரம் மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியாக நின்றது. அது நின்ற பிறகும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போ இது வெறும் இரும்பு. அவன் இங்க இல்லம்மா. எங்கயுமே இல்ல."

அவள் கைகளை வெளியே எடுத்தாள்.

"இல்லன்னா நீங்க வைங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இதோடு இந்தப் பைத்தியம் தெளிந்துவிடும், இவள் கை தப்பும் என்று நினைத்தார். வலது கையை உள்ளே நீட்டி, விரல்களை விரித்து வைத்தார்.

தலைக்கு மேலே ஏதோ கிரீச்சிட்டது.

காகிதக் கட்டு அசையாமல் இருக்க, கத்தி இறங்குமுன் ஓர் இரும்புப் பலகை வந்து அதை அழுத்திப் பிடிக்கும். அதை இறக்க, மேலே இருக்கும் வளையத்தை ஆள்தான் கையால் சுற்ற வேண்டும்.

வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவசரமே இல்லாமல், வேலை தெரிந்தவன் சுற்றுகிற மாதிரி.

பலகை அவர் புறங்கையில் வந்து உட்கார்ந்தது. இழுத்தார், வரவில்லை. காலை மெஷினில் உதைத்துக்கொண்டு இழுத்தார். தோல் உரிந்தது. எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது. அவளைப் பார்த்தார். அவளுடைய இரண்டு கையும் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன.

வளையம் இன்னொரு சுற்று சுற்றியது.

பிறகு கத்தி இறங்கியது.

ஆயிரம் தாளை வெட்டும்போது வருகிற அதே சத்தம்தான் வந்தது. நான்கு விரல்கள் வரிசை கலையாமல் மேசையில் கிடந்தன. ரத்தம் கத்தியின் மேல் அடித்து, அவள் முகத்தில் தெறித்தது. பலகை தானாகவே மேலே போனது. அவர் விழுந்த இடத்தில்தான் தம்பியும் விழுந்து கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், "பிரேக் தேஞ்சு போயிருக்கு, கத்தி கனத்துல இறங்கிடுச்சு" என்றார். வளையத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. முதலாளி மெஷினை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார் என்று மேஸ்திரி வந்து சொன்ன நாளில் நிம்மதியாகத் தூங்கினார்.

பத்தாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேற அச்சகத்துல சேர்ந்துட்டேன் மாமா. அங்கயும் ஒரு கட்டிங் மெஷின் இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "வெச்சுப் பார்த்தேன். இறங்கல."

அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேற மெஷின். அதுல யாரும் இல்ல."

"அன்னைக்கு வளையம் சுத்தினதை நீங்களும் பார்த்தீங்க. இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் கோவம் போயிடும். உங்களை விட்டுடுவாரு."

ஜன்னலில் வெயில். அடுத்த கட்டில்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டிலின் வெள்ளை விரிப்பில், இருவர் கைக்கும் குறுக்கே, சுருக்கமெல்லாம் பலகை வந்து அழுத்துவதுபோல ஒரு நேர்கோட்டில் மெதுவாகத் தட்டையாவதை அவர் பார்த்தார். அவருடைய இடது மணிக்கட்டில் குளிர்ந்த கனம் ஒன்று வந்து அமர்ந்தது.

இருக்கிறான் என்று சொன்னால் தன் கை தப்பும். ஆனால் இவள் ஆயுசு முழுக்கக் கத்திக்கு அடியிலேயே நிற்பாள்.

"இல்லம்மா," என்றார். "அவன் இல்ல."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு தன் கையை இழுத்துக்கொண்டாள். சுலபமாக வந்துவிட்டது.

அவருடையது வரவில்லை.