காலியாக விட்ட மூன்று தேதிகள்

காலை 10.15. மாமல்லபுரம் சாலையிலுள்ள கல்லூரியில், முதல்வர் அறையில் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் முதல்வர் தாமோதரன். அவருக்கு வலப்பக்கம் பேராசிரியர் காசிநாதன். கதவோரம் அவருடைய ஆய்வு மாணவி ஷீலா. ஜன்னலோரம் விஜயகுமாரி, கல்பாக்கம் அணுமின் நிலைய ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், வெளியாள் என்பதால் விசாரித்துப் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை தர அழைக்கப்பட்டவர்.

களவு போனது ஒரு கணக்கு. தூரத்து நட்சத்திர மண்டலங்களின் ஒளியை நடுவிலுள்ள தூசி எவ்வளவு மங்கவைக்கும் என்பதைச் சொல்லும் கணக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் கல்தூசியைத் தூவி, விளக்கொளியை நாள்தோறும் அளந்து உருவாக்கியது. காசிநாதன், ஷீலா இருவருமே அதைத் தன்னுடையது என்றார்கள். இருவரிடமும் தொண்ணூறு நாள் குறிப்பேடு. காசிநாதனுடையதில் ஓராண்டு முந்தைய தேதிகள். ஷீலாதான் திருடி என்று முடிவானால் அவள் ஆய்வுப் பதிவு ரத்து.

"தூசி ஏது சார்?" என்று காசிநாதனைக் கேட்டார் விஜயகுமாரி.

"இவ அப்பா கருப்பன் வேலை செய்யற சிற்பப் பட்டறைதான். தினம் காலையில உளி ஓடறப்பவே நானே போய்ப் பிடிச்சேன். கடல்காத்துல பழைய தூசி கட்டிக்கும், அதனால தினம் புதுசு வேணும். என் ஏட்டுல ஒரு நாள் விடுபடல. இவ மூணு நாளைக் காலியா விட்டிருக்கா. இதுவா ஆராய்ச்சி?"

ஷீலா வாய் திறந்தாள். முதல்வர் கையமர்த்தினார்.

11.40. பட்டறையில் விஜயகுமாரி ஒரே கேள்விதான் கேட்டார்: உளி ஓடாத நாள் உண்டா? கருப்பன் இருமி முடித்துச் சொன்னார்: "அமாவாசைக்கு உளியத் தொட மாட்டோம்மா. அன்னிக்குப் பட்டறையே பூட்டிதான் கெடக்கும். தூசி எங்கேர்ந்து வரும்?"

பகல் 2.30. அதே அறை. விஜயகுமாரி இரண்டு ஏடுகளையும் நாட்காட்டியோடு விரித்தார்.

"ஷீலா காலியா விட்ட மூணு தேதியும் அமாவாசை. ஒரு வருஷம் முந்தின உங்க ஏட்டுத் தேதிகள்லயும் மூணு அமாவாசை வருது, அந்த மூணு நாளும் புதுத்தூசி பிடிச்சதா எழுதியிருக்கீங்க. பூட்டின பட்டறையில. அவ ஏட்டைப் பாத்து எழுதினது நீங்கதான் சார். காலிக் கட்டம் அவளோட சோம்பல்னு நெனச்சு ரொப்பிட்டீங்க. வானத்தைப் பாடம் நடத்தறவர் நிலா இல்லாத நாளைப் பாக்கல."

காசிநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதிலாக முதல்வர்தான் பேசினார். சார் இரண்டு மாதத்தில் ஓய்வுபெறுகிறார். கணக்குக்கு இரண்டு பேர் பெயரும் போடலாம், மூத்தவர் பெயர் முதலில். இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கல்லூரியில் அவளுக்கு வேறு கைடு கிடைக்கமாட்டார்.

விஜயகுமாரி ஷீலாவைப் பார்த்தார். நாலு வருட உழைப்பை அந்த முகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"எங்கப்பா நெஞ்சுல கீற தூசி மேடம் அது," என்றாள் ஷீலா. "இவரு பேரு அதுல இன்னாத்துக்கு? உள்ளத உள்ளபடி எழுதுங்க."

ஆய்வகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

4.05. தபால் நிலையத்தில் விஜயகுமாரி உள்ளதை உள்ளபடி எழுதிய பல்கலைக்கழக அறிக்கையை உறையிலிட்டு, பசை தடவி, விளிம்பை நகத்தால் அழுத்தினார். எழுத்தர் எடை பார்த்து, முத்திரை குத்தி, பதிவுத் தபால் பைக்குள் போட்டார்.